அடுப்புக்கு மேல் மைக்ரோவேவ்: மாட்டவும் பராமரிக்கவும் கைகொடுக்கும் குறிப்புகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல சமையலறைகளில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு மைக்ரோவேவ் தொங்கும். சாதம் சூடு பண்ணுவது, தாளிப்புப் புகையை இழுப்பது, அடுப்புக்கு வெளிச்சம் காட்டுவது என மூன்று வேலைகளை அந்த ஒரே பெட்டி பார்த்துவிடும். ஆனால் அதில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும், ஆள் வந்து எட்டிப் பார்ப்பதற்கே தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

நண்பர்களே, ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலோக உறைக்கு வெளியே உள்ள வேலைகளில் பெரும்பாலானவை நம் கைக்கு அடங்கும். உறைக்கு உள்ளே இருப்பது எதுவும் நம் வேலை இல்லை. இந்த ஒரு கோட்டைத் தாண்டாமலே நிறையப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கும் முன்

1. இரண்டு பக்கக் கேபினட்டுகளுக்கும் நடுவே உள்ள அகலத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். அடுப்புக்கு மேல் மாட்டும் மைக்ரோவேவ்கள் பெரும்பாலும் 30 அங்குல இடத்துக்கென்றே செய்யப்படுபவை. எங்காவது அரை அங்குலம் குறைந்தாலும் பெட்டி உள்ளே போகாது.

2. அடுப்பின் மேல்தளத்திலிருந்து மேல் கேபினட்டின் அடிப்பகுதி வரை பொதுவாக 30 அங்குலமாவது வேண்டும். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும் என்பதால், கையேட்டில் உள்ள அளவைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

3. வீட்டில் இருப்பதிலேயே உயரமான இட்லிப் பானையை அடுப்பில் வைத்து, மூடியைத் தூக்கிக் கரண்டி விடும் உயரம் வரை அளந்துகொள்ளுங்கள். மைக்ரோவேவ் வந்த பிறகு அந்த இடம் மிஞ்சுமா என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

4. இடம் போதாது என்றால் உயரம் குறைந்த மாடல்கள் இருக்கின்றன. சாதாரண மாடல் 16, 17 அங்குல உயரம் இருக்கும். இவை சுமார் 10 அங்குலத்தோடு நின்றுவிடும். பெரிய பாத்திரத்தில் சமைக்கும் வீடுகளுக்கு இதுதான் தோது.

5. மேல் கேபினட்டுக்குள் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். எர்த் உள்ள 120 வோல்ட் பாயின்ட், அதற்கென்றே தனி பிரேக்கர், 15 அல்லது 20 ஆம்பியர்: இவ்வளவும் இருந்தால் கவலை இல்லை.

6. பாயின்ட் இல்லையென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஊர் விதிப்படி அனுமதி வாங்கிப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துச் சமாளிக்கவே வேண்டாம், சூடேறித் தீப்பிடிக்க அது போதும்.

7. மேல் கேபினட் சுவரோடு உறுதியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். மைக்ரோவேவ் 50, 60 பவுண்டு எடை வரும். அதில் ஒரு பங்கை அந்தக் கேபினட்தான் தாங்கப்போகிறது.

8. புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரை வழியாக, பின்சுவர் வழியாக, அல்லது வடிகட்டிச் சமையலறைக்குள்ளேயே திருப்பி விடுவது என மூன்று வழிகள் உண்டு. வறுத்து, பொரித்து, தாளிக்கும் நம் சமையலுக்குப் புகையை வெளியே அனுப்புவதே நல்லது.

9. காற்றாடியின் வலுவை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) கணக்கில் போட்டிருப்பார்கள்; 300 முதல் 400 வரை உள்ளவை சாதாரணமாகக் கிடைக்கும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் கூடுதல் எண் உள்ளதையே எடுங்கள், மீன் வறுக்கும் நாளில் அருமை தெரியும்.

10. பெட்டி பிரித்தது, ஓரத்தில் லேசாகக் கீறியது என்று கழிவு விலையில் விற்பார்கள். கீறல் பக்கவாட்டில் இருந்தால் கேபினட்டுக்குள் மறைந்துவிடும், தாராளமாக வாங்கலாம். பெட்டியைத் தாங்கும் சுவர்த் தகடு, துளை இடம் காட்டும் அச்சுத்தாள், ஸ்குரூ பை மூன்றும் உள்ளே இருக்கின்றனவா, கதவில் நெளிவு இல்லையா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பழையதை இறக்கும்போது

11. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டுக் கதவை டேப்பால் ஒட்டினால், இறக்கும்போது திறந்துகொண்டு முகத்தில் அடிக்காது.

12. அடுப்பின் மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து, அதன் மேல் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். கண்ணாடி அடுப்பில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே போய்விடும்.

13. இது ஒருவர் செய்யும் வேலை இல்லை. ஒருவர் கீழே இருந்து தாங்கிப் பிடிக்க, மற்றவர் மேல் கேபினட்டுக்குள் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துத் தூக்கினால் சுவர்த் தகட்டின் கொக்கியிலிருந்து விடுபட்டு வந்துவிடும்.

14. பழைய சுவர்த் தகடு இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். கொக்கிகளின் இடம் மாடலுக்கு மாடல் மாறும். புதியதோடு வந்த தகட்டைப் போட்டால்தான் பெட்டி பிடிப்பாக உட்காரும்.

15. பெட்டி இறங்கியதும் பின்சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். கை எட்டாத அந்த இடம் அடுத்த சில வருடங்களுக்கு மறுபடி கிடைக்காது.

மாட்டும்போது

16. பெட்டியோடு வரும் அச்சுத்தாள்களைக் கசக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். சுவருக்கு ஒன்று, மேல் கேபினட்டுக்கு ஒன்று இருக்கும். இரண்டின் நடுக்கோடும் நேராக வரும்படி ஒட்டிவிட்டால் துளை போட வேண்டிய இடங்கள் தானாகவே தெரிந்துவிடும்.

17. சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தை, அதாவது ஸ்டட்டைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? வலுவான காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள், சட்டத்தில் அடித்த ஆணி வந்ததும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் இருக்கும்.

18. சட்டம் அங்கேதான் என்று உறுதி செய்ய, மைக்ரோவேவ் மறைக்கப்போகும் இடத்தில் மெல்லிய ஆணியை அடித்துப் பாருங்கள். மரமாக இருந்தால் இறுகப் பிடிக்கும், வெற்றிடமாக இருந்தால் சட்டென்று உள்ளே போய்விடும். தப்பான துளை விழுந்தாலும் வெளியே தெரியாது.

19. சுவர்த் தகட்டில் ஒரு பெரிய ஸ்குரூவாவது கட்டாயம் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். சட்டமே கிடைக்காத சுவர் என்றால் அங்கே மாட்டாதீர்கள். மற்ற துளைகளுக்குச் சிறகு விரியும் டாகிள் போல்ட் போதும்.

20. டாகிள் போல்ட்டைத் தகட்டுத் துளை வழியாக நுழைத்து, அதன் பிறகே சிறகைத் திருகி, எல்லாவற்றையும் சேர்த்துச் சுவருக்குள் தள்ளுங்கள். முதலில் சுவருக்குள் விட்டுவிட்டுப் போல்ட்டைக் கழற்றினால் சிறகு உள்ளே விழுந்துவிடும், எடுக்கவே முடியாது.

21. சுவரில் டைல் இருந்தால் டைலுக்கான டிரில் பிட்டையே போடுங்கள். துளையிடும் இடத்தில் பேப்பர் டேப்பை ஒட்டி, டிரில்லின் சுத்தியல் வேகத்தை நிறுத்தி, மெதுவாகச் சுற்றவிட்டால் டைல் விரியாது, பிட்டும் வழுக்காது.

22. டைல் பாதியிலேயே நின்று மேலே வெறும் சுவர் இருந்தால் தகடு சமமாக உட்காராது. டைலின் கனத்துக்குச் சமமான பிளைவுட் துண்டை மேல்பகுதியில் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

23. தகட்டை முழுதாக முடுக்கும் முன் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். தகடு சாய்ந்தால் பெட்டியும் சாயும், உள்ளே சுழலும் தட்டு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு உராயும்.

24. காற்றாடியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பெட்டி கீழே இருக்கும்போதே சரிபாருங்கள். பல மாடல்கள் புகையைச் சமையலறைக்குள் திருப்பும்படியே தொழிற்சாலையிலிருந்து வரும். வெளியே விட வேண்டுமானால் கையேட்டில் உள்ளபடி அதைத் திருப்பிப் போட வேண்டும்.

25. புகைவாயில் இருக்கும் மூடியைப் பயணத்தில் ஆடாமலிருக்க டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்துவிட்டு, விரலால் தள்ளினால் மூடி லேசாகத் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். டேப்போடு மாட்டிவிட்டால் சத்தம்தான் வரும், புகை போகாது.

26. குழாய் இணைப்புகளை அலுமினிய ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். துணி டேப் சூட்டில் காய்ந்து பிரிந்துவிடும். குழாய் உலோகமாகவே இருக்கட்டும். அதன் முனை வீட்டுக்கு வெளியே போய்த் திறக்க வேண்டும், பரண் அறையிலோ சுவர் இடுக்கிலோ விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அங்கே தேங்கித் தீ அபாயம் வரும்.

27. வயர் போக மேல் கேபினட்டில் துளை போட்டதும் அதன் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பெட்டியைத் தூக்கும் முன் பிளக்கில் ஒரு கயிற்றைக் கட்டி மேலிருந்து இழுத்தால், வயர் பின்னால் மாட்டி நசுங்காது.

28. மேல் கேபினட்டின் அடிப்பலகை உள்வாங்கி இருந்தால் அந்த இடைவெளியில் மரத்துண்டு வைத்து நிரப்புங்கள். அப்படியே போல்ட்டை முடுக்கினால் பலகை வளையும், இல்லாவிட்டால் மைக்ரோவேவின் மேல்தகடு நெளியும்.

29. பெட்டியைத் தூக்கும்போது கதவின் கைப்பிடியைப் பிடிக்கவே கூடாது. பின் ஓரத்தைக் கொக்கியில் மாட்டி, முன்பக்கத்தை மேலே தள்ளி, மேல் போல்ட்டுகளைக் கையாலேயே பாதி திருகுங்கள். நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு முழுதாக முடுக்கலாம்.

30. மாட்டி முடித்ததும் ஒரு கப் தண்ணீரை 2 நிமிடம் சூடாக்கிப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும். பிறகு காற்றாடியைப் போட்டு, அடியில் உள்ள சல்லடையில் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை சரி.

தினமும் புழங்கும்போது

31. தாளிப்பதையும் வறுப்பதையும் பின்பக்க பர்னரில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பை முழுதாக மூடாது என்பதால் முன் பர்னரின் புகை தப்பி வெளியே வந்துவிடும். பின் பர்னர் என்றால் புகை நேராகச் சல்லடைக்குள் போகும்.

32. கடுகு வெடிக்கும்போது காற்றாடியைத் தேடாதீர்கள். எண்ணெய் வைக்கும்போதே போட்டுவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். திரைச்சீலையில் வாசனை ஏறாது, பெட்டியின் அடியிலும் பிசுக்கு குறையும்.

33. காற்றாடி தானாகவே ஓட ஆரம்பித்து, அணைத்தாலும் நிற்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம். கீழே அடுப்புச் சூடு அதிகமானதும் உள்ளிருக்கும் பாகங்களைக் காக்க அது தானே ஓடும். சூடு தணிந்ததும் தானே நிற்கும், இதற்காக ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை.

34. அடியில் உள்ள அலுமினியச் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றி, வெந்நீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊறவைத்து அலசுங்கள். பொரிப்பது அதிகமான வீடுகளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்வது நல்லது. அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அலுமினியம் கறுத்துப்போகும்.

35. புகையை உள்ளேயே திருப்பும் மாடலில் கரி ஃபில்டர் ஒன்று தனியாக இருக்கும். அதைக் கழுவினால் வீணாகிவிடும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றத்தான் வேண்டும். குழாய் வழியாக வெளியே விடும் வீடுகளுக்கு இந்தச் செலவே கிடையாது.

36. உள்ளே சாம்பார் தெறித்துக் காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டாம். ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடிகளைப் போட்டு 4 நிமிடம் ஓடவிட்டு, கதவைத் திறக்காமல் 5 நிமிடம் விடுங்கள். துணியால் ஒரு இழுப்பிலேயே வந்துவிடும்.

37. வெறும் தண்ணீரைச் சூடாக்கும்போதெல்லாம் ஒரு மரக்கரண்டியையும் உள்ளே போட்டு வையுங்கள். குமிழி வராமலே தண்ணீர் கொதிநிலையைத் தாண்டி, கையில் எடுத்ததும் குப்பென்று பொங்குவதை இது தடுக்கும்.

38. கண்ணாடித் தட்டில் மஞ்சள் கறை படிந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். சூடாக இருக்கும் தட்டை உடனே குளிர்ந்த தண்ணீரில் காட்டாதீர்கள், விரிசல் விடும்.

39. ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைப் பட்டென்று திறக்காமல், முதலில் நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பழகுங்கள். கதவுக்குப் பின்னால் உள்ள சின்ன சுவிட்சுகள் சீக்கிரம் தேய்வது இப்படித்தான். அறைந்து சாத்துவதையும் விட்டால் ஒரு பழுதுச் செலவு தள்ளிப்போகும்.

40. உள்ளே எதுவும் இல்லாமல் ஓடினால், நுண்ணலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரான் கெட்டுப்போகலாம். பொத்தான்களோடு விளையாடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், பொத்தான்களைப் பூட்டி வைப்பதோடு உள்ளே எப்போதும் ஒரு கப் தண்ணீரையும் வைத்துவிடுங்கள்.

41. உள்ளே கம்பித்தட்டு கொடுத்திருந்தால், தேவைப்படும்போது மட்டும் மாட்டுங்கள். சும்மா தட்டின் மேல் கிடந்தாலோ சுவரில் உரசினாலோ தீப்பொறி பறக்கும்.

42. மைக்ரோவேவைத் தாங்கும் மேல் கேபினட்டில் அரிசி, பருப்பு டப்பாக்களை அடுக்காதீர்கள். லேசான பொருள் மட்டும் வையுங்கள், அவசரத்துக்குப் பிளக்கைக் கை எட்டும்படியும் விடுங்கள்.

கோளாறு வந்தால்

43. விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லையா? பிளக் தளர்ந்திருக்கிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பாயின்ட்டில் ஒரு டேபிள் விளக்கைச் சொருகி எரிந்தால் மட்டும் மைக்ரோவேவைச் சந்தேகப்படுங்கள்.

44. பொத்தான் எதுவும் வேலை செய்யாமல், திரையில் பூட்டுப் படமோ எல்-ஓ-சி எழுத்துகளோ தெரிந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. பூட்டுக்குரிய பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் விடுபடும். எந்தப் பொத்தான் என்று கையேட்டில் இருக்கும்.

45. திரையில் கண்டபடி எழுத்து ஓடினால் பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கி வைத்துவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். மின்னல், மின்வெட்டுக்குப் பிறகு வரும் குழப்பம் பல நேரம் இதிலேயே தெளிந்துவிடும்.

46. கதவை அழுத்திப் பிடித்தால்தான் ஓடுகிறது என்றால், கதவின் கொக்கிகளும் அவை நுழையும் ஓட்டைகளும் பிசுக்கேறி இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணி, பல்குத்தும் குச்சி வைத்துத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் சுவிட்ச் போயிருக்கும், அது டெக்னீஷியன் வேலை.

47. உள்ளே தீப்பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். ஜரிகைக் கரை போட்ட தட்டு, ஸ்பூன், கம்பித்தட்டு எதுவும் காரணம் இல்லையென்றால் உள்சுவரில் இருக்கும் அட்டை போன்ற மைக்கா தகட்டைப் பாருங்கள். எண்ணெய் பட்டுக் கருகியிருந்தால் பொறி அங்கிருந்துதான் வரும்.

48. மைக்கா தகட்டை விலை குறைவாகத் தாளாகவே வாங்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய தகட்டை எடுத்து, அதை அச்சாக வைத்துக் கத்தரியால் வெட்டினால் போதும். தகடே இல்லாமல் மட்டும் ஓட்டக் கூடாது, உணவுத் துளிகள் உள்ளே போய்ப் பெரிய செலவு வைக்கும்.

49. உள்பக்கப் பெயின்ட் லேசாக உரிந்திருந்தால் மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே விற்கும் பெயின்ட்டை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். துரு தகட்டையே தின்று ஓட்டை விழுந்திருந்தால் பூசி மெழுகாமல் மாற்றிவிடுங்கள்.

50. தட்டு சுழலும்போது கரகரவென்று சத்தம் வந்தால், அடியில் உள்ள சக்கர வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். ஒரு பருக்கையோ சீரகமோ ஒட்டியிருந்தாலே அந்தச் சத்தம் வரும். சக்கரம் தேய்ந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி வளையத்தை மட்டும் வாங்கலாம்.

51. அடியில் உள்ள விளக்கு எரியவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, பல்பு ஆறிய பிறகு மூடியின் ஸ்குரூவைக் கழற்றி மாற்றுங்கள். பழைய பல்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது.

52. சூடு குறைந்துவிட்டதோ என்று சந்தேகமா? 1 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை அளந்து, முழு வேகத்தில் 1 நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 1000 வாட் மெஷினில் கணக்குப்படி 14 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். 10 டிகிரிகூட ஏறவில்லையென்றால் மெஷின் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

53. காற்றாடி கத்துகிறது, புகை மட்டும் போகவில்லை என்றால் சல்லடை, புகைவாய் மூடி, வெளிச்சுவரில் உள்ள மூடி என்று வரிசையாகப் பாருங்கள். வெளி மூடி பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பறவை கூடு கட்டியிருக்கும். பனிக்காலத்தில் குளிர்காற்று உள்ளே வருவதும் அந்த மூடி சரியாகச் சாத்தாததால்தான்.

54. கைப்பிடி உடைந்தால் கதவையே மாற்ற வேண்டாம், மாடல் எண்ணுக்கு ஏற்ற கைப்பிடி தனியாகக் கிடைக்கும். கதவைத் திறந்ததும் ஸ்குரூ கண்ணுக்குத் தெரிந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். கதவின் உள்சட்டத்தைப் பிரித்தால்தான் தெரியும் என்றால் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

55. உலோக உறையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரே தொடுதலில் உயிர் போகும். இணைய வீடியோ எவ்வளவு சுலபமாகக் காட்டினாலும் இதில் துணிச்சல் வேண்டாம்.

56. விளக்கு எரிகிறது, தட்டு சுழல்கிறது, சூடு மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மேக்னட்ரான், டயோடு, கெபாசிட்டர் பக்கம்தான். இதில் நாம் செய்யக்கூடியது போன் எடுத்து டெக்னீஷியனைக் கூப்பிடுவது மட்டுமே.

57. உள்ளே ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று டெக்னீஷியன் சொன்னால், கதவு சுவிட்சுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கும்போது மெஷின் ஓடிவிடாமல் ஃபியூஸை எரியவிட்டுக் காக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. சுவிட்சைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

58. கதவு நெளிந்தாலோ, கண்ணாடி விரிந்தாலோ, சரியாகச் சாத்தாவிட்டாலோ அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். அமெரிக்காவில் 1971 முதல் உள்ள விதிப்படி, பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் காப்புக்குக் கதவு கச்சிதமாகச் சாத்துவது முக்கியம்.

செலவும் கணக்கும்

59. டெக்னீஷியனைக் கூப்பிடும்போதே பார்வைக் கட்டணம் எவ்வளவு, பழுது பார்த்தால் அதைக் கழிப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். பழுதுச் செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டினால், பழைய மெஷினுக்குப் புதியதே மேல்.

60. ஒரு வருட வாரன்ட்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் வருடங்கள் தரும் தயாரிப்பாளர்களும் உண்டு. ரசீதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பாகத்தின் விலையாவது மிச்சம்.

61. வாடகை வீடு என்றால் நீங்களே கழற்றி மாட்ட வேண்டாம். வீட்டுக்காரருக்கோ குடியிருப்பு அலுவலகத்துக்கோ மாடல் எண், கோளாறு, ஒரு படம் இவற்றோடு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். சல்லடை கழுவுவதும் உள்ளே துடைப்பதும் மட்டும் நம் பங்கு.

62. ஊருக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கன்டெய்னரில் ஏற்றாதீர்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, மெஷின் ஒழுங்காக ஓடாது.

63. பழையதைத் தெருவோரம் வைக்கும் முன் உங்கள் ஊர் மறுசுழற்சி மையத்தில் எடுப்பார்களா என்று விசாரியுங்கள். புதியது கொண்டுவரும் கடைக்காரரே பழையதை எடுத்துப் போவதும் உண்டு, ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

64. கடைசியாக ஒரு சின்ன அட்டை எழுதி மேல் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்: மாடல் எண், பிரேக்கர் எண், பல்பு அளவு, ஃபில்டர் மாற்றிய தேதி. மாடல் எண் கதவைத் திறந்தால் உள் ஓரத்தில் இருக்கும். அடுத்த முறை பாகம் வாங்கும்போது ஏணி போட்டு ஏறித் தேட வேண்டாம், அட்டையைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடலாம்.